காற்று புகாத பேனல் எப்படிக் குளிரும்?

கேள்வி: எங்கள் ஸ்பின்னிங் மில்லில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டு 15 கிலோவாட் டிரைவ்கள் ஒரே பேனலில் (மின்கருவிப் பெட்டியில்) இருக்கின்றன. வெயில் காலத்தில் சூடு ஏறி டிரிப் ஆகிறது, அதாவது தானாக நின்றுவிடுகிறது. கதவைத் திறந்துவைத்து பெடஸ்டல் ஃபேன் போடுகிறோம். ஏசி வேண்டாம், ஹீட் எக்ஸ்சேஞ்சர் போதும் என்கிறார்கள். வெளிக்காற்றே உள்ளே போகாமல் அது எப்படிக் குளிர வைக்கும்?
– ஒரு மில் எலக்ட்ரீஷியன், பல்லடம்

பதில்: முதலில் அந்த ஃபேனை எடுங்கள். அது ஊதுவது காற்றை மட்டுமல்ல, பஞ்சையும்தான். டிரைவின் சூட்டை வெளியே விடும் ஹீட் சிங்க் தகடுகளின் இடுக்கில் பஞ்சு அடை அடையாக அப்பிக்கொண்டால் அடுத்த மாதம் இன்னும் சீக்கிரமே டிரிப் ஆகும்.

சூடான பால் சொம்பைத் தண்ணீரில் வைத்து ஆற்றுகிறோமே, பாலும் தண்ணீரும் கலக்கிறதா? இங்கேயும் அப்படித்தான். மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு ஒரு பக்கம் பேனலின் சூடான காற்று சுற்றிச் சுற்றி வரும், மறுபக்கம் வெளிக்காற்று ஓடும். இரண்டுக்கும் தனித்தனி ஃபேன், சூடு மட்டும் தகடு வழியாகத் தாண்டிப் போகும். ஆனால் தண்ணீரை விடப் பால் குளிராது, அதே மாதிரி பேனலும் வெளிக்காற்றை விடக் குளிராது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். டிரைவில் ஓடும் பவரில் சுமார் 3 சதவீதம் சூடாகப் போகும், ஆக இரண்டுக்கும் சேர்த்து 900 வாட். நாலு சதுர மீட்டர் பரப்புள்ள இரும்புப் பெட்டி தானாக வெளியே விடுவது, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தில் டிகிரிக்கு 22 வாட்தான், அதனால் மூடியே வைத்தால் உள்ளே 40 டிகிரி கூடிவிடும். டிகிரிக்கு 70 வாட் கடத்தும் எக்ஸ்சேஞ்சர் சேர்ந்தால் கூடுவது பத்து டிகிரிதான். ஹாலில் 34 என்றால் உள்ளே 44. பல டிரைவ்கள் 40 வரை முழு லோடு இழுக்கும், 50 வரை கொஞ்சம் குறைத்து ஓட்டலாம். உங்களுடையதற்கு என்ன அளவு என்று மேனுவலில் பாருங்கள். உள்ளே 40-ஐத் தாண்டவே கூடாது என்றால் அல்லது பேனல் வெயிலில் நிற்கிறது என்றால் ஏசிதான் வழி.

ஏசியில் ஒரு தொல்லை உண்டு. மில்லுக்குள் ஈரப்பதம் ஏற்றி வைத்திருப்பீர்கள், குளிர்ந்த பேனல் கதவைத் திறந்ததும் பஸ்பார் (கரன்ட் ஓடும் உலோகப் பட்டை) மேல் வியர்த்துவிடும். எக்ஸ்சேஞ்சரில் அந்தப் பயம் இல்லை.

வாங்கும்போது வெளிப்பக்கத் தகடுகளின் இடைவெளி அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் பஞ்சு அடைக்கும், ஆனால் பேனலைத் திறக்காமலே ஏர் அடித்துச் சுத்தம் செய்துவிடலாம். அப்புறம், பழைய வென்ட் ஓட்டைகள், கேபிள் நுழையும் கிளாண்ட் இடைவெளி எல்லாவற்றையும் அடைத்துவிட்டு மாட்டுங்கள்.