12 இடம், ஒன்றரை நாள்: ஏற்காடு பேக்கேஜுக்கு முழுப் பணம் கட்டலாமா?

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஆறு பேர் நாங்கள். வெள்ளி இரவு ரயிலேறி, சனி, ஞாயிறு ஏற்காட்டைச் சுற்றிவிட்டுத் திங்கள் காலை ஆபீஸில் இருக்க வேண்டும். அறை, வண்டி, 12 இடங்கள் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். இன்றே முழுப் பணத்தையும் ஜிபேயில் போட்டால் தள்ளுபடி தருகிறாராம். போடலாமா?

பதில்: முழுப் பணம் வேண்டாம். அறைக்குக் கொஞ்சம் முன்பணம் கொடுங்கள், மீதியை அறையைப் பார்த்த பிறகு கொடுங்கள். குறுகிய பயணத்தில் அவசரம்தான் பணத்தைத் தின்கிறது.

முதலில் அந்த 12 இடங்களைப் பிரித்துப் பாருங்கள். இந்த மாதிரிப் பட்டியல்களில் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று மூன்று வரி போட்டிருப்பார்கள். மூன்றும் பக்கத்துப் பக்கத்துப் பாறைகள், ஒரு தடவை வண்டியை நிறுத்தினால் போதும். ஏரி, படகுத்துறை, அண்ணா பூங்காவும் அப்படித்தான். கிளியூர் அருவியில் மழை பெய்தால்தான் தண்ணீர். கோடையில் படியிறங்கிப் போனால் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு ஏற வேண்டியதுதான். அதனால் பெயர்களை எண்ணாமல், வண்டி எத்தனை இடத்தில் நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேளுங்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் முழுக்க ஒவ்வொரு வெளிச்சமாக ஏறுவது தெரியும். அதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்காத பேக்கேஜை நான் எடுக்க மாட்டேன். பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் இரண்டையும் ஞாயிறு காலைக்கு வையுங்கள்.

அடுத்தது அறை. ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்தால் விடிவதற்கு முன்பே சேலம் ஜங்ஷனில் இறங்கிவிடுவீர்கள். பல விடுதிகளில் செக்-இன் பகல் 12 மணிக்குத்தான். ஆறு பேர் குளிக்க இடமில்லாமல் பையோடு அலைந்தால் முதல் நாளே பாதி போய்விடும். சீக்கிரம் அறை தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா, ஞாயிறு அறையைக் காலி செய்த பிறகு பைகளை வைத்திருப்பார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது நிற்காது. ஒரு மே மாதம் ‘ஏரி தெரியும் அறை’ என்று சொன்னதை நம்பி நான் முழுத் தொகையும் கட்டினேன். பால்கனியில் நின்றால் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே ஒரு கோடு போல ஏரி தெரிந்தது. கையில் எழுத்தாக எதுவும் இல்லாததால் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். பணத்தைத் தனி ஆளின் எண்ணுக்கு அனுப்பாமல் விடுதியின் கணக்குக்கே அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் விடுதிக்கு நேரடியாக ஒரு போன் போட்டு வாடகையைக் கேளுங்கள், இடைத்தரகர் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வண்டி மஞ்சள் போர்டாக இருக்கட்டும். வாடகை குறைவு என்று ஒயிட் போர்டு வண்டியில் ஏறாதீர்கள். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏதாவது ஆனால், சொந்த வண்டியை வாடகைக்கு விட்டதைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க வாய்ப்பு உண்டு. நீங்களே ஓட்டுவதென்றால், கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியாகப் பார்த்து எடுங்கள், டிரைவர் இல்லாமல் வாடகைக்கு விட அனுமதி உள்ள வண்டி அதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வழக்குக்காகச் சேலம் வரை அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் சென்னையிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள்.

அப்புறம், திரும்பும்போது எல்லோரும் காப்பித்தூள் வாங்குவீர்கள். பாக்கெட்டில் சிக்கரி எத்தனை சதவீதம், எடை எவ்வளவு, எந்தத் தேதியில் கட்டியது என்று பாருங்கள். இது எதுவும் அச்சடிக்காத பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணெதிரே கொட்டையை அரைத்துத் தரும் கடையில் வாங்குங்கள்.