சமீபத்தில் பார்த்த அனிமேயும் படங்களும்: கேள்வி பதில்

சமீபத்தில் பார்த்து முடித்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன்), படங்கள் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. முழுதாகப் பார்த்ததைப் பற்றி மட்டும்தான் பேசுவேன். முடிவு எதையும் உடைக்க மாட்டேன். எல்லாம் என் ரசனைதான், உங்களுக்கு வேறு மாதிரி படலாம்.

அக்கா, ஃப்ரீரன் அனிமே தொடர் ஆரம்பித்து இரண்டு எபிசோடு பார்த்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. இதை ஏன் எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

நடக்கிறது தம்பி, ஆனால் சத்தம் போடாமல் நடக்கிறது. மற்ற கதைகள் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. அரக்க மன்னனைக் கொன்றாயிற்று, பத்து வருடப் பயணம் முடிந்தது, நால்வரும் ஊர் திரும்புகிறார்கள். ஃப்ரீரன் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் எல்ஃப். அவளுக்கு அந்தப் பத்து வருடம் ஒரு பொருட்டே இல்லை. ஐம்பது வருடம் கழித்து வந்து பார்த்தால், கூடவே நடந்த ஹிம்மல் கிழவனாகி நிற்கிறான். சீக்கிரமே இறந்தும் போகிறான். அவனைத் தெரிந்துகொள்ள ஏன் முயலவே இல்லை என்று அடக்கத்தின்போது அழுகிறாள். இவ்வளவும் முதல் எபிசோடிலேயே வந்துவிடுகிறது. ஒன்றுமே நடக்கவில்லை என்கிறீர்களே!

இரண்டாவது எபிசோடில் அந்த நீலப் பூவைத் தேடும் பகுதியைத் திரும்பப் பாருங்கள். தன் ஊரில் பூக்கும் ஒரு பூவை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஹிம்மல் எப்போதோ சொல்லியிருக்கிறான். அவனுடைய சிலையைச் சுற்றி வைக்க அதே பூ வேண்டும் என்று மாதக்கணக்கில் காடு மேடெல்லாம் அலைகிறாள். இந்தப் பெண் எதற்கு இப்படித் தேடுகிறாள் என்று கூட இருக்கும் சீடப்பெண் ஃபெர்னுக்கே கவலை வந்துவிடுகிறது. அவள் ஏன் தேடுகிறாள் என்று யாரும் வசனத்தில் நீட்டி முழக்கி விளக்குவதில்லை. போகப் போக திரையில் வரும் 'ஹிம்மல் இறந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்' என்ற ஒரு வரியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இந்தக் கதையின் நாட்காட்டியே அவன் இறந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது.

ஒரு யோசனை. 2023 செப்டம்பரில் ஜப்பானில் ஒளிபரப்பத் தொடங்கியபோது முதல் நான்கு எபிசோடுகளையும் சேர்த்து ஒரே இரண்டு மணி நேர நிகழ்ச்சியாகத்தான் போட்டார்கள். நீங்களும் நான்கையும் ஒரே மூச்சில் பாருங்கள். முக்கியமாக, 1.5 வேகத்தில் ஓட்டிப் பார்க்காதீர்கள். காலம் போவதே கதையாக இருக்கும்போது அதை வேகமாக ஓட்டிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

அனிமே எனக்குப் புதிது. எதில் தொடங்கலாம்?

தொடரில் தொடங்காதீர்கள், படத்தில் தொடங்குங்கள். 'லுக் பேக்' (2024) வெறும் 58 நிமிடம். பிடித்தால் 'ஸ்பிரிட்டட் அவே'. தொடர்தான் வேண்டும் என்றால் 26 எபிசோடில் முடியும் 'கவ்பாய் பீபாப்'. நீளமாக, திட்டமிட்டு எழுதப்பட்ட கதை வேண்டும் என்றால் 64 எபிசோடு 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்'.

லுக் பேக் அவ்வளவு நல்ல படமா? போஸ்டரில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த முதுகுதான் படம். பள்ளிப் பத்திரிகையில் நான்கு கட்டக் கார்ட்டூன் போடும் இரண்டு சிறுமிகளின் கதை. ஃபுஜினோ வகுப்பில் பெயர் வாங்கியவள். கியோமோட்டோ பள்ளிக்கே வராமல் வீட்டில் அடைந்து கிடந்து வரைகிறாள். தன்னைவிட நன்றாக வரையும் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஃபுஜினோ மேசையில் குனிந்து வரைய ஆரம்பிக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே பருவங்கள் மாறுகின்றன, முதுகு மட்டும் அசையவில்லை.

ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம். கியோமோட்டோ தன் ரசிகை என்று தெரிந்துகொண்டு ஃபுஜினோ வீட்டுக்குத் திரும்புகிறாள், மழை பிடித்துக்கொள்கிறது. முதலில் ஒன்றும் நடக்காதது போல நடக்கிறாள். அப்புறம் நடை கொஞ்சம் துள்ளுகிறது. பிறகு கையும் காலும் எங்கெங்கோ போக, வயல் வழியே குதித்துக்கொண்டே போகிறாள். அது அழகான நடனம் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் ஒரு குழந்தை ஆடும் ஆட்டம். இயக்குநர் கியோதாகா ஓஷியாமா தானும் பேனா பிடித்து வரைந்தவர். கோடுகளை வழவழப்பாக்காமல் வரைந்தவரின் கை தெரியும்படி அப்படியே விட்டிருக்கிறார். வரைவதைப் பற்றிய படத்துக்கு அதுதான் நியாயம்.

ஒன் பீஸ் இப்போது ஆரம்பிக்கலாமா?

1999-ல் தொடங்கி ஆயிரம் எபிசோடுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நான் முழுதாகப் பார்க்கவில்லை. பார்த்தவர்களைக் கேளுங்கள்.

யூடியூபில் அனிமே சண்டைகளை 60 ஃப்ரேமாக மாற்றிப் போடுகிறார்கள், வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. என் புது டிவியும் அப்படித்தான் காட்டுகிறது. ஸ்டுடியோக்களே ஏன் இப்படிச் செய்வதில்லை? சோம்பேறித்தனமா?

அந்தக் கடைசி வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு எபிசோடுக்கு ஆயிரக்கணக்கில் ஓவியம் வரைகிறார்கள், அதுவும் குறைந்த கூலிக்கு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படங்கள், ஓடுகின்றன. அனிமேயில் ஒரே ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 ஓவியம், மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்தினால் 8. எந்த ஓவியம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை வரைபவர் முடிவு செய்கிறார். ஒரு குத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கை பின்னால் போய் ஒரு கணம் நிற்கும். அடுத்து, கை ரப்பர் போல நீண்டு கலைந்த ஒரே ஒரு ஓவியம் மின்னி மறையும். உடனே அடி விழுந்த நிலை வந்து நிற்கும். நடுவில் எதுவும் இல்லாததால்தான் அந்தக் குத்துக்குக் கனம் வருகிறது.

உங்கள் டிவி என்ன செய்கிறது? இரண்டு ஓவியங்களுக்கு நடுவே இல்லாத ஒன்றைத் தானே கற்பனை செய்து நிரப்புகிறது. நின்ற கணத்தைக் கரைத்து, பாய்ந்த கணத்தை இழுத்து, எல்லாவற்றையும் ஒரே சீராக ஆக்கிவிடுகிறது. கை மிதந்து போய் முகத்தைத் தொடுகிறது. அந்த நீண்டு கலைந்த ஓவியமோ திரையில் அழுக்காகத் தெரிகிறது. டிவி அமைப்பில் மோஷன் ஸ்மூத்திங் என்றோ அதை ஒட்டிய வேறு பெயரிலோ இருக்கும். அணைத்துவிடுங்கள். சில டிவிகளில் ஃபிலிம்மேக்கர் மோட் இருக்கும், அதைப் போட்டால் போதும்.

அதே நபர்தான் அக்கா. வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 24 ஃப்ரேம் என்பதே அந்தக் காலத்தில் ஃபிலிம் செலவை மிச்சப்படுத்த வந்ததுதானே? கேம் எல்லாம் 60-ல் நன்றாகத்தானே இருக்கிறது?

நல்ல கேள்வி. 1920களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது, ஒலி சரியாகக் கேட்கவும் வேண்டும், ஃபிலிமும் வீணாகக் கூடாது என்றுதான் 24-ல் நிலைத்தார்கள். தொலைக்காட்சி அனிமேயும் அப்படித்தான். 1963-ல் மங்கா ஓவியர் ஒசாமு தெசுகா 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை வாராவாரம் கொடுக்க வேண்டியிருந்தது, கையில் பணமும் இல்லை ஆளும் இல்லை. அதனால் ஓவியங்களைக் குறைத்தார்கள். செலவுக்குப் பயந்து தொடங்கியது என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு வந்த தலைமுறைகள் அந்தக் குறைந்த ஓவியங்களை வைத்தே எங்கே நிறுத்துவது, எங்கே பாய்வது என்று ஒரு கலையை வளர்த்துவிட்டார்கள். தொடங்கிய காரணத்தை வைத்து இன்றைக்கு இருப்பதை மதிப்பிட முடியாது.

கேம் வேறு. அதில் நீங்கள் பொத்தானை அழுத்தியதும் திரை பதில் சொல்ல வேண்டும். படத்தில் உங்கள் கைக்கு வேலை இல்லை, கண்ணுக்குத்தான் வேலை.

நடுவில் வருகிறேன். கணினியில் செய்யும் படங்களில் ஓவியச் செலவே கிடையாது. அங்கே இந்த வாதம் நிற்காதே?

அங்கேதான் நன்றாக நிற்கிறது! 'ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்' (2018) கணினியில் செய்த படம். நினைத்திருந்தால் முழுவதையும் வழவழவென்று ஓட்டியிருக்கலாம். காட்டில் மைல்ஸும் பீட்டரும் வலை வீசித் தாவும் இடத்தைப் பாருங்கள். பழகிய பீட்டர் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நகர்கிறான். கற்றுக்குட்டி மைல்ஸ் இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு முறைதான் நகர்கிறான். ஒரே ஷாட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் பறக்கிறார்கள், ஒருவன் மட்டும் தடுமாறுவது காரணம் தெரியாமலே நம் கண்ணில் படுகிறது. மைல்ஸ் தன் திறமையை உணர்ந்த பிறகு அவன் அசைவும் முழுதாகிவிடுகிறது. பணத்தை மிச்சம் பிடிக்கவா அப்படிச் செய்தார்கள்? அவன் யார் என்று காட்டச் செய்தார்கள். மோஷன் ஸ்மூத்திங் போட்ட டிவியில் இந்த வித்தியாசமே காணாமல் போய்விடும்.

அப்படியானால் டீமன் ஸ்லேயர் சண்டைகள் எப்படி அவ்வளவு வழவழப்பாக இருக்கின்றன?

அதைத் தயாரிக்கும் யூஃபோடேபிள் ஸ்டுடியோவில் பின்னணியையும் கேமரா சுழற்சியையும் முப்பரிமாணத்தில் கணினியில் செய்கிறார்கள். அது சீராக ஓடுகிறது. அதன் மேல் வரும் ஆட்கள் கையால் வரைந்தவர்கள், ஓவியம் நின்று நின்றுதான் மாறும். இரண்டும் சேர்ந்து கண்ணை ஏமாற்றுகின்றன. நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

60 ஃப்ரேம் டீமன் ஸ்லேயர் எங்கே கிடைக்கும்?

இவ்வளவு நேரம் பேசியதைப் படித்துவிட்டு வாருங்கள்.

த பாய் அண்ட் த ஹெரான் முடிவு புரியவில்லை. விளக்க முடியுமா?

மாட்டேன். முடிவு விளக்கும் வீடியோக்களையும் பார்க்காதீர்கள். புரியாமல் மனதில் கிடக்கட்டும், அந்தப் படத்துக்கு அது நல்லது. 2023-ல் ஜப்பானில் டிரெய்லரே இல்லாமல் ஒரு போஸ்டரோடு மட்டும் வெளியிட்டார்கள். தெரியாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம்.

முடிவுக்குப் பதில் தொடக்கத்தைத் திரும்பப் பாருங்கள். அம்மா இருக்கும் மருத்துவமனை எரிகிறது, மகன் மஹிதோ கூட்டத்துக்குள் ஓடுகிறான். சுற்றி நிற்பவர்களின் உருவங்கள் உருகி நெளிகின்றன, அவன் முகமே கோடுகளாகக் கலைகிறது. ஒரு பையனின் பயத்துக்குள் இருந்து வரைந்த நெருப்பு அது. ஸ்மூத்திங் அணைத்துவிட்டுப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், அணைத்துவிட்டு.

டப்பிங்கா, சப்டைட்டிலா?

எனக்கு மூலக் குரல்தான். ஜப்பானில் பெரும்பாலும் காட்சியின் நேரம் முடிவான பிறகு அதைப் பார்த்துத்தான் குரல் பதிவு செய்கிறார்கள், அதனால் மூச்சும் இடைவெளியும் படத்தோடு ஒட்டியிருக்கும். ஆனால் எழுத்தைப் படிப்பதிலேயே கண் போய்விடுகிறது என்றால் தாராளமாக டப்பில் பாருங்கள். படத்தைப் பார்ப்பதுதான் முக்கியம்.

வின்லாண்ட் சாகா முதல் சீசன் தீயாக இருந்தது. இரண்டாவதில் விவசாயம் பார்க்கிறார்கள். ஏமாற்றம்.

எனக்கு நேர்மாறு. முதல் சீசன் முழுக்க (2019) தோர்ஃபின் கத்தியோடு ஓடுகிறான், பழிவாங்கல் என்ற ஒன்றைத் தவிர அவனுக்குள் எதுவும் இல்லை. அது பறிபோனதும் அடிமையாகக் காடு வெட்டுகிறான். இன்னொரு அடிமையான ஐனாரும் அவனும் மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டிப் பெயர்க்க மல்லுக்கட்டும் காட்சிகளைப் பாருங்கள். வேர் விடவே விடாது. கொன்றுகொண்டே இருந்த கை முதல் முறையாக ஒன்றை வளர்க்கிறது. இரண்டாவது சீசன் (2023) இல்லாவிட்டால் முதல் சீசன் வெறும் ரத்தம். தயவுசெய்து இதையும் வேகமாக ஓட்டாதீர்கள்.

ஏழு வயதுக் குழந்தையோடு கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ் பார்க்கலாமா? கார்ட்டூன்தானே?

வேண்டாம் தங்கச்சி. போரில் அனாதையான அண்ணனும் தங்கையும் பசியில் வாடும் கதை. பெரியவர்களுக்கே தாங்காது. 1988-ல் இதையும் 'மை நெய்பர் டோட்டோரோ'வையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துத்தான் திரையிட்டார்கள். குழந்தையோடு டோட்டோரோ பாருங்கள். மற்றதை வேறொரு நாள் தனியாகப் பாருங்கள்.

அனிமே புதிது. எங்கிருந்து தொடங்குவது?

மேலே சொல்லியிருக்கிறேன்.

இவாஞ்செலியன் எந்த வரிசையில்?

26 எபிசோடு தொடர், அப்புறம் 1997-ல் வந்த 'எண்ட் ஆஃப் இவாஞ்செலியன்'. புதிய நான்கு படங்கள் அதற்குப் பிறகுதான்.

அனிமே தவிர வேறு என்ன பார்த்தீர்கள் அக்கா?

'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023). டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஹிராயாமாவின் நாட்கள். கோஜி யாகுஷோவுக்கு இதற்காகக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. மதிய உணவு நேரத்தில் பூங்கா மரத்தடியில் உட்கார்ந்து, இலைகளுக்கு நடுவே விழும் வெயிலைப் பழைய ஃபிலிம் கேமராவில் படம் எடுப்பார். எப்போதும் மரம்தான், வேறொன்றையும் எடுப்பதில்லை. அச்சுப் போட்டு வந்ததும் உட்கார்ந்து தரம் பிரித்து, வேண்டாததைக் கிழித்துப் போட்டுவிட்டு மற்றதைப் பெட்டியில் வைப்பார். அந்தக் கிழிக்கும் சத்தம் எனக்கு மிகவும் பிடித்தது, மனிதருக்குக் கறாரான கண் இருக்கிறது. ஃப்ரீரன் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும்.

'ஃப்ளோ'வும் பார்த்தேன். வசனமே இல்லாத பூனைப் படம், பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்து ஆஸ்கர் வாங்கியது. அவசியம் பாருங்கள்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஏதாவது சொல்லுங்களேன்.

மேலே. மேலே. மேலே.

இதையெல்லாம் இலவசமாக எங்கே பார்க்கலாம்?

அடுத்த கேள்வி.

இயக்குநர் சதோஷி கோன் படங்களில் எதை முதலில் பார்க்கலாம்? பெர்ஃபெக்ட் ப்ளூ தரவிறக்கி வைத்திருக்கிறேன், வயது பதினைந்து.

பெர்ஃபெக்ட் ப்ளூவை இப்போதைக்குத் தள்ளி வை தம்பி. வன்முறையும் பாலியல் கொடுமையும் நேராகவே காட்டப்படுகின்றன, பெரியவனான பிறகு பார்க்கலாம். 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' கதை நல்ல கதைதான், ஆனால் கோனின் கையெழுத்து 'மில்லேனியம் ஆக்ட்ரஸ்' (2001) படத்தில்தான் தெளிவாகத் தெரியும். ஒரு வயதான நடிகை தன் வாழ்க்கையைச் சொல்கிறாள். சொல்லச் சொல்ல அவள் நடித்த படங்களும் அவள் வாழ்ந்ததும் ஒன்றாகக் கலக்கின்றன. அவள் ஓடிக்கொண்டே இருக்கிறாள். குதிரையில் ஒரு யுகம், சைக்கிளில் இன்னொரு யுகம், ஒரு வெட்டில் (காட்சி மாறும் கணத்தில்) உடுப்பும் நூற்றாண்டும் மாறுகின்றன, ஓட்டம் மட்டும் அறுபடுவதில்லை. கேள்வி கேட்க வந்த இரண்டு பேரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவளுடைய நினைவுக்குள்ளேயே கூட ஓடுகிறார்கள்! வெட்டு என்பதை இப்படிப் பயன்படுத்தியவர்கள் குறைவு. கோன் 2010-ல் 46 வயதில் போய்விட்டார், நான்கு முழுநீளப் படங்கள்தான் விட்டுச் சென்றார். அதனால் அவசரப்பட்டு ஒரே நாளில் முடித்துவிடாதே. 'பாப்ரிகா'வும் பெரியவர்களுக்கான படம்தான், அதைக் கடைசியாக வைத்துக்கொள்.