வாசகர் கேள்வி-பதில்: வெளிநாட்டுப் பொதிக்கு எவ்வளவு வரி?

கேள்வி: கோயம்புத்தூர்க் கடை ஒன்றிலிருந்து என் பேத்திகளுக்குத் தைத்த பருத்திப் பாவாடை சட்டைகளை இணையம் வழியாக வரவழைத்தேன். துணிமணியின் விலை 2,000 ராண்ட். விமானக் கூலி 600 ராண்ட். பொதி டர்பனுக்கு வந்ததும் கூரியர் நிறுவனம் வரியாக 1,774.50 ராண்டும் அதற்கு மேல் தன் கட்டணமும் கேட்கிறது. இது முறையா? அன்பளிப்பு என்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தால் வரி இல்லாமல் போயிருக்குமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: வரி கட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் உங்களிடம் கேட்கப்பட்டிருக்கும் தொகை அதிகம். தைத்த ஆடைகளுக்குச் சுங்கத் தீர்வை 45 சதவீதம். அதற்குப் பிறகு 15 சதவீத வாட் வரி. விலை, விலையில் பத்தில் ஒரு பங்கு, சுங்கத் தீர்வை ஆகிய மூன்றையும் கூட்டி வரும் தொகையின் மீதே வாட் விதிக்கப்படுவதால், வீட்டில் கணக்குப் போட்டுப் பார்க்கும் பலருக்கும் இந்த இடத்தில்தான் இடிக்கிறது. உங்கள் பொதியில் 2,000 ராண்டுக்குத் தீர்வை 900. இவற்றோடு 200ஐயும் கூட்டினால் 3,100. அதற்கு வாட் 465. ஆக, கட்ட வேண்டியது 1,365 ராண்ட்.

கூரியர் நிறுவனம் விமானக் கூலியையும் விலையோடு சேர்த்து, 2,600 ராண்டுக்கு இதே கணக்கைப் போட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, சரக்கு அனுப்பும் நாட்டில் ஏற்றப்படும் வரையிலான விலைதான் சுங்க மதிப்பு. அங்கிருந்து இங்கு வந்து சேரும் கூலி அதில் அடங்காது. (இந்தியாவில் இறக்குமதி செய்பவர்கள் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்தே வரி கட்டுகிறார்கள், அங்குள்ள உறவினர்கள் சொல்லும் கணக்கு இங்கே பொருந்தாது.) கடைக்காரர் பில்லில் விலையையும் கூலியையும் பிரிக்காமல் ஒரே தொகையாகப் போட்டிருந்தாலும் இப்படி நேரும். எனவே இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் பில்லைக் கடையிலிருந்து வாங்கி அனுப்பி, திருத்தக் கேளுங்கள். சுங்கத்துக்குக் கொடுத்த விவரப் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பணத்தை ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால், கூடுதலான 409.50 ராண்டைத் திரும்பப் பெற அந்த நிறுவனத்தின் வழியாகவே வருவாய்த் துறையான சார்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். நிறுவனம் தனக்கென்று கேட்கும் கட்டணம் அரசுக்குப் போவதன்று. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், பொருளை வரவழைக்கும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

அன்பளிப்பு யோசனையைக் கைவிடுங்கள். ஒருவருக்கு ஓர் ஆண்டில் இரண்டு பொதிகள், ஒவ்வொன்றும் 1,400 ராண்டுக்கு மிகாமல், கேட்காமலே வரும் அன்பளிப்பாக இருந்தால்தான் அந்தச் சலுகை உண்டு. நீங்கள் பணம் கொடுத்து வாங்கியதை அப்படி எழுதுவது பொய்த் தகவல். பொதி பறிமுதலாகலாம், அபராதமும் வரலாம். 500 ராண்டுக்குள் வாங்கினால் 20 சதவீதத்தோடு முடிந்துவிடும் என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் அத்தகைய சிறு பொதிகளுக்கும் வாட் உண்டு. உள்நாட்டுத் தையல் ஆலைகள் வெகுநாளாக முறையிட்டு வந்ததன் பலன் இது. நம் டர்பனில் எத்தனை குடும்பங்கள் அந்த ஆலைகளை நம்பி வாழ்ந்தன என்பதை எண்ணினால், அந்த முறையீட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: மகள் கல்யாணத்துக்குச் சாமான் வாங்க நானும் மனைவியும் சென்னை போகிறோம். எவ்வளவு வரை வரியில்லாமல் கொண்டு வரலாம்?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: குறைந்தது 48 மணி நேரம் வெளிநாட்டில் தங்கித் திரும்பும் ஒருவர், 30 நாளுக்கு ஒரு முறை, 5,000 ராண்ட் மதிப்புள்ள பொருளை வரியின்றிக் கொண்டு வரலாம். அதற்கு மேல் 20,000 ராண்ட் வரைக்கும் 20 சதவீதம் என்ற ஒரே விகிதத்தில் கட்டலாம். இருவர் வரம்பையும் சேர்த்து ஒரே பொருளுக்குக் கணக்குக் காட்ட முடியாது. மனைவி அணிந்து போகும் நகைகளைப் புறப்படும்போதே சுங்க அலுவலரிடம் பதிவு செய்து, அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது, இவை இந்தியாவில் வாங்கியவை அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

கேள்வி: தமிழ்ப் புத்தகங்களுக்கும் சுங்கத் தீர்வை உண்டா?
— வாசகர், டோங்காட்

பதில்: அச்சிட்ட புத்தகங்களுக்குத் தீர்வை இல்லை. வாட் மட்டும் உண்டு.