எக்ஸ்டசி எடுத்தவர் நிறையத் தண்ணீர் குடித்தால் ஆபத்து இல்லையா?

"எக்ஸ்டசி போதை மாத்திரை போட்டால் உடம்பு சூடாகும், தண்ணீர் நிறையக் குடித்தால் சரியாகிவிடும்" என்று நண்பர்கள் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியை நம்பி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

எக்ஸ்டசியில் இருக்கும் போதைப்பொருளான எம்டிஎம்ஏ, மனநிலையை ஆளும் செரட்டோனின் என்ற ரசாயனத்தை மூளையில் கொட்ட வைக்கிறது. குதூகலம் அதிலிருந்துதான் வருகிறது. கூடவே தாடை இறுகும், பல் நறநறக்கும், தசைகள் வெப்பத்தைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால் அந்த வெப்பம் வெளியேறுவதும் குறையும். புழுக்கமான அரங்கில் மணிக்கணக்கில் ஆடினால் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். அதற்கு மேல் போனால் தசை சிதையும், சிறுநீரகம் பழுதாகும், ரத்தம் உறையும் விதமே கெட்டுப்போகும்.

தண்ணீர் சங்கதி வேறு. இதே பொருள், சிறுநீரைக் குறைக்கும் வாசோப்ரெசின் ஹார்மோனையும் அதிகமாகச் சுரக்க வைக்கிறது. குடித்த தண்ணீர் வெளியேறாமல் தங்கி, ரத்தத்தில் உள்ள சோடியத்தை நீர்த்துப்போகச் செய்யும். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டிய சோடியம் வேகமாக 120-க்குக் கீழே இறங்கினால் மூளை வீங்கும்; மண்டையோட்டுக்குள் அது விரிய இடம் ஏது? தலைவலி, வாந்தி, உளறல், பிறகு வலிப்பு. 1995 நவம்பரில் இங்கிலாந்தில் 18 வயது லியா பெட்ஸ் ஒரு மாத்திரைக்குப் பின் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் 7 லிட்டர் தண்ணீர் குடித்தார். மூளை வீங்கித்தான் இறந்தார். இந்த ஆபத்து பெண்களுக்குக் கூடுதல்.

எடுக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. எடுத்துவிட்டவர் ஆடிக்கொண்டிருந்தால் மணிக்கு அரை லிட்டர், உட்கார்ந்திருந்தால் கால் லிட்டர், அதுவும் மடக்கு மடக்காக. ஓஆர்எஸ் என்றாலும் அளவு இதுவேதான். அடிக்கடி வெளியே வந்து காற்றாட உட்காருவது இன்னும் முக்கியம்.

"ஒன்றுமே ஏறவில்லையே" என்று இரண்டாவது மாத்திரை போடுவது பெரிய தப்பு. எக்ஸ்டசி என்று விற்பதில் பிஎம்ஏ என்ற வேறொரு போதைப்பொருள் கலந்திருக்கலாம். அது மெதுவாக ஏறும், ஆனால் வெப்பத்தைக் கடுமையாகக் கூட்டும். அசல் எம்டிஎம்ஏவாக இருந்தாலும், தன்னைச் சிதைக்கும் ஈரல் நொதியை அதுவே முடக்கிவிடுவதால், இரண்டாவது மாத்திரை ரத்தத்தில் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக ஏறும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், டிரமடால் என்ற வலி மருந்து ஆகியவற்றோடு சேர்ந்தால் செரட்டோனின் நஞ்சாகிவிடும்.

ஆள் உளறினால், உடம்பு கொதித்தால், வலிப்பு வந்தால் "தூங்கி எழுந்தால் தெளியும்" என்று விடாதீர்கள். போலீசுக்குப் பயந்து தாமதிக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ஆம்புலன்ஸ் வரும்வரை சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் பயன்படாது, இது காய்ச்சல் இல்லை.

டாக்டரிடம் என்ன மாத்திரை, எத்தனை, எப்போது என்பதோடு எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது என்றும் சொல்லுங்கள். வெப்பத்தில் விழுந்தவரை ஐஸ் வைத்துக் குளிர்விப்பார்கள். சோடியம் குறைந்து வலிப்பு வந்தவருக்கு 3 சதவீத உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். சாதாரண டிரிப்பை வேகமாக ஏற்றினால் அவர் நிலை மோசமாகலாம்.