மருத்துவமனை அறக்கட்டளைக்குத் தன்னார்வப் புகைப்படக்காரராகச் சேர என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேமராவை எடுப்பதற்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். படுக்கையில் இருப்பவர் தலையசைத்தால் போதாது. படம் எங்கே, எதற்காக வெளியாகும் என்று சொல்லி எழுத்தில் வாங்குங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம் வாங்குங்கள். குழந்தையிடமும் கேளுங்கள், அதற்கும் மனம் உண்டு. மயக்க மருந்தின் தாக்கம் தெளியாதவர் தரும் சம்மதம் சம்மதமே அல்ல. பின்னால் யாராவது மனம் மாறினால், காரணம் கேட்காமல் படத்தை நீக்கிவிட வேண்டும்.

முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது மணிக்கட்டுப் பட்டை, கேஸ் ஷீட், மானிட்டரில் தெரியும் பெயர் எல்லாம் படத்துக்குள் வந்துவிடும். அழுத்தும் முன் நான்கு மூலைகளையும் பாருங்கள்.

வார்டில் ஃபிளாஷ் கூடவே கூடாது. குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்ற 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 1600 முதல் 3200 வரையும் பெரும்பாலும் போதும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் நல்லதுதான். ஆனால் சில விளக்குகளின் ஒளியில் படத்தில் பட்டைகள் விழும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிப்பதே காரணம். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 வைத்துப் பாருங்கள்.

முதலில் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளைக் கேட்டு வாங்குங்கள். வார்டு பிறகு வரட்டும்.

இந்தப் பணி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் 2005-ல் தொடங்கிய 'நவ் ஐ லே மீ டவுன் டு ஸ்லீப்' அமைப்பின் தன்னார்வலர்கள், பிறக்கும்போதே குழந்தையை இழந்த பெற்றோருக்கு அந்தக் குழந்தையின் படங்களை இலவசமாக எடுத்துத் தருகிறார்கள். அந்தக் குடும்பத்திடம் மிஞ்சுவது பெரும்பாலும் அந்தச் சில படங்கள்தான்.