வீடியோ கேமைச் சீட்டாட்டமாக்க விதிகளை எங்கிருந்து தொடங்குவது?

"எனக்குப் பிடித்த வீடியோ கேமை வைத்து நண்பர்களோடு ஆட ஒரு சீட்டாட்டம் செய்ய ஆசை. விதிகளை எப்படி வகுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் சித்தி மகனும் இரண்டு ஆண்டுகளாக இதே வேலையாக இருக்கிறோம். எனவே எங்கள் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. 1999இல் வந்த கணினி ஆட்டம்; ஊரைக் கட்டி, செல்வம் சேர்த்து, படை திரட்டி எதிரியோடு மோத வேண்டும். பள்ளி விடுமுறையில் மாமா வீட்டுக் கணினியில் முறை வைத்து ஆடி வளர்ந்தோம். இப்போது இருவருக்கும் கேரளத்தின் புனலூரில் வேலை, வீடு செங்கோட்டையில். இடையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். ஆனால் பாதை மலை ஏறி இறங்குவதால் ரயில் மெதுவாகவே போகும். போய்ச்சேர இரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில், மடியில் விரித்த துண்டின்மேல் ஆடுவதற்காகச் செய்ததுதான் எங்கள் சீட்டாட்டம்.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். கணினியில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே சீட்டுக்குக் கொண்டுவந்தோம். உணவு, மரம், தங்கம், கல் என்ற நான்கு செல்வங்களுக்கும் புளியங்கொட்டை, குன்றிமணி, சோழி, கூழாங்கல். ஈட்டி வீரருக்கு உயிர் 45, தாக்குதல் 3, குதிரையைத் தாக்கினால் கூடுதலாக 15. நைட் என்ற குதிரை வீரருக்கு உயிர் 100. சீட்டுகள் மட்டும் 180. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதல் முறை ஆடியபோது மூன்று மணி நேரம் ஆகியும் முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒருவர் காகிதத்தில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் செய்யும் கணக்கை மனிதர் செய்யும்போது ஆட்டம் நின்று விடுகிறது, கணக்கு மட்டும்தான் நடக்கிறது. எண்களில் நாங்கள் காட்டிய விசுவாசம் ஆட்டத்தின் உயிரைக் கொன்றுவிட்டது.

அதன்பின் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே கேள்வியை எழுதினோம்: கணினியில் இதை ஆடும்போது நம் வயிறு எப்போது கலங்குகிறது? இருவரும் தனித்தனியாக எழுதினோம். பதில் ஒன்றாகவே இருந்தது. கையில் 50 உணவு இருக்கிறது. அதைக் கொடுத்து இன்னொரு குடியானவரை உருவாக்கினால் நாளை வருமானம் கூடும். சேமித்து வீரரை உருவாக்கினால் இன்று ஊரைக் காக்கலாம். எதிரி எப்போது வருவான் என்று தெரியாது. உழைப்பா, படையா என்ற இந்தத் தவிப்புதான் அந்த ஆட்டம். கோட்டை, கப்பல், சந்தை எல்லாம் அதன்மேல் போட்ட அலங்காரம் என்றே இப்போது நினைக்கிறேன். உங்கள் ஆட்டத்திலும் இப்படி ஒரு தவிப்பு இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை விதி எதுவும் எழுதாதீர்கள்.

தவிப்பு தெரிந்ததும் முதல் விதி தானாக வந்தது. எங்கள் சீட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிறவி. கவிழ்த்து வைத்தால் குடியானவர். நிமிர்த்தி இறக்கினால் படைவீரர். கவிழ்த்ததைப் பிறகு நிமிர்த்த முடியாது. ஒரு முறைக்கு ஒரு சீட்டு எடுத்து ஒரு சீட்டு இறக்க வேண்டும். சீட்டில் எத்தனை புள்ளி இருக்கிறதோ அத்தனை குடியானவர் இருந்தால்தான் அதை வீரராக இறக்கலாம். புளியங்கொட்டை, சோழி எதுவும் தேவைப்படவில்லை. கையில் நல்ல நான்கு புள்ளிக் குதிரை இருக்கிறது, ஆனால் குடியானவர் இரண்டே பேர். அந்தக் குதிரையையே கவிழ்த்து உழவுக்கு அனுப்புவதா என்று சித்தி மகன் சீட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. மாமா வீட்டுக் கணினி முன் பார்த்த அதே முகம்.

சண்டைக்கு உயிர்ப்புள்ளிகளை முழுவதும் தூக்கி எறிந்தோம். ஈட்டி குதிரையை வெட்டும், குதிரை வில்லை வெட்டும், வில் ஈட்டியை வெட்டும். ஒரே இனம் மோதினால் புள்ளி அதிகமுள்ளது வெல்லும். தடுக்க ஆளில்லாமல் உள்ளே வந்தவர் ஒரு குடியானவரைக் கொண்டுபோவார். கணினியில் உள்ள நுணுக்கங்கள் பல இதில் தொலைந்துபோயின என்பது உண்மை. ஆனால் எதற்கு எதை அனுப்புவது என்ற யோசனை தொலையவில்லை.

நேரத்தைச் சீட்டாக்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம். கணினியில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். சீட்டில் ஒருவர்பின் ஒருவர். அடுத்த யுகத்துக்கு, அதாவது வலுவான வீரர்கள் கிடைக்கும் அடுத்த நிலைக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை யுகத்துக்கு 800 உணவும் 200 தங்கமும் வேண்டும். உண்மையான வலி அதில் இல்லை. யுகம் மாறும் அந்த 160 விநாடியும் நகர மையத்தில் புதிய குடியானவர் பிறக்க மாட்டார், அதுதான் வலி. அதனால் இப்படி எழுதினோம்: ஐந்து குடியானவர் சேர்ந்தபின் இருவரை விட்டுக்கொடுத்து, அந்த முறை எதையும் இறக்காமல் இருந்தால் கோட்டை யுகம். மூன்று, நான்கு புள்ளிச் சீட்டுகளை அதன்பிறகே வீரராக இறக்கலாம். நான்கு யுகங்கள் இரண்டாகச் சுருங்கின. வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

கணினியில் எதிரியின் ஊர் இருளில் மூடியிருக்கும். உளவுக் குதிரையை அனுப்பிப் பார்த்தால்தான் அவன் என்ன படை கட்டுகிறான் என்று தெரியும். இதை எப்படிச் சீட்டில் கொண்டுவருவது என்று பல வாரம் விழித்தோம். விடை எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருந்தது. கேரளத்தில் பலரும் ஆடும் 'இருபத்தெட்டு' உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 32 சீட்டு. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நான்கு இனத்துக்கும் சேர்த்து 28 புள்ளி. எத்தனை புள்ளி எடுப்போம் என்று போட்டிபோட்டுச் சொல்வது கேட்பு. அதில் வென்றவர், மற்ற இனங்களை வெட்டும் துருப்பு இனத்தைக் காட்டும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார். முதலில் இறக்கிய இனம் கையில் இல்லாதவர் துருப்பைத் திறக்கச் சொல்லும்வரை அது அவருக்கு மட்டுமே தெரியும். ஆட்டம் முழுவதும் அந்த ஒரு சீட்டைச் சுற்றித்தான் எல்லாரும் யோசிப்பார்கள். இதைவிடச் சிறந்த இருள் எங்கே கிடைக்கும்? தொடக்கத்தில் ஆளுக்கொரு சீட்டைத் துருப்பாகக் கவிழ்த்து வைக்கிறோம். வைத்தவரே அதைத் திறந்துகொண்டால் அந்த ஆட்டம் முழுவதும் அவருடைய அந்த இனத்து வீரர் எல்லாருக்கும் ஒரு புள்ளி கூடும். எதிராளி தன் ஒரு முறையை விட்டுக்கொடுத்தால் துருப்பைப் பார்க்கலாம், அதுதான் உளவு. உங்கள் ஊரில் பெரியவர்கள் எந்தச் சீட்டாட்டம் ஆடுகிறார்கள் என்று பாருங்கள். பல தலைமுறை ஆடித் தேய்ந்து மெருகேறிய விதிகளை எடுத்துப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

பிறகு ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. இருவருமே சண்டைக்குப் போகாமல் குடியானவரைக் குவித்துக்கொண்டிருந்தோம். ஆட்டம் முடியவே இல்லை. கணினியில் ஏன் இப்படி ஆவதில்லை என்று யோசித்தோம். அங்கே தங்கச் சுரங்கம் வற்றிவிடும். வரைபடத்தில் சுரங்கத்தின் ஒரு சதுரத்துக்கு 800 தங்கம்தான். வற்றுவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ஆகவே எங்கள் சீட்டுக்கட்டையே சுரங்கமாக்கினோம். கட்டு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அப்போது களத்தில் நிற்கும் வீரர்களின் புள்ளி மட்டுமே கணக்கு, குடியானவருக்கு ஒன்றும் கிடையாது. மொத்தம் 54 சீட்டு; தொடக்கத்தில் ஆளுக்கு ஐந்தும் துருப்பு ஒன்றும் போனால் 42 மிச்சம்; ஆளுக்கு 21 முறை. பகவதிபுரம் தாண்டி அந்த நீளமான குகைக்குள் ரயில் போய் வெளியே வந்ததும் தொடங்கினால், பதின்மூன்று கண் பாலத்தைத் தாண்டித் தென்மலை வரும்போது கட்டு மெலிந்து படை முட்டிக்கொள்ளும்; எடமண்ணுக்குள் முடிந்துவிடும்.

விதிகளை எழுதி முடித்ததும் ஒரு தாளில் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் வேறு இருவரை ஆடவிடுங்கள். எங்களுக்கு அப்படி வாய்த்தவர் கழுதுருட்டியில் ஏறும் ஒரு மலையாளப் பெரியவர். ஆயுள் முழுவதும் இருபத்தெட்டைப் போன்ற 'அம்பத்தாறு' சீட்டாட்டம் ஆடியவர். சிறிது நேரத்திலேயே, "மோளே, கையில் எத்தனை சீட்டு வைத்துக்கொள்ளலாம் என்று இதில் இல்லையே" என்று கேட்டார். பார்த்தால் அவர் கையில் பதினோரு சீட்டு. ஒவ்வொரு முறையும் கட்டாயம் இறக்க வேண்டும் என்பது எங்கள் இருவர் மனதில் இருந்ததே தவிர தாளில் இல்லை. ஆறு மாதமாக ஆடிய நாங்கள் இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை. விதியை வகுத்தவர் கண்ணுக்கு இப்படிப்பட்ட ஓட்டை ஒருபோதும் தெரியாது. அன்றுதான் 'கையில் ஆறுக்கு மேல் கூடாது, யுகம் மாறும் முறையும் உளவு பார்க்கும் முறையும் தவிர இறக்காமல் விடக் கூடாது' என்று எழுதிச் சேர்த்தோம்.

அவருக்காகத்தான் சீட்டில் எழுத்தே இல்லாமல் செய்தோம். படமும் புள்ளியும் மட்டும். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் எங்களுடையது. ரயில் பெட்டியில் பாதிப் பேச்சு மலையாளம். விதித்தாளிலும் இரு பக்கமும் புரியும் சொற்களையே தேடினோம். துருப்பு, வெட்டு, இறக்கு, கை எல்லாம் இரண்டு மொழிச் சீட்டுக்காரருக்கும் சொந்தம்.

தனித்தனி நாகரிகங்களுக்குத் தனித்தனிச் சலுகை வைக்கும் ஆசை உங்களுக்கும் வரும். முதலில் இரு தரப்பும் சமமாக இருக்கும்படி ஐம்பது முறையாவது ஆடிவிட்டு அதைத் தொடுங்கள். அசல் ஆட்டத்தில் 1999இல் 13 நாகரிகங்கள் இருந்தன. 2022இல் திராவிடர் வந்தபோது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் அதில் உண்டு. யுகம் மாறும்போதெல்லாம் திராவிடருக்கு 200 மரம் இலவசம். நாங்கள் அதை 'கோட்டை யுகம் போனதும் ஒரு சீட்டு கூடுதலாக எடுக்கலாம்' என்று மாற்றினோம். சுருள்வாள் வீசும் உருமி வீரர் ஒருவரும் உண்டு: முதல் வீச்சில் இரண்டு சீட்டை வெட்டுவார், பிறகு சாதாரண வீரர். களரி பற்றி அறிந்த அந்தப் பெரியவருக்கு இந்தச் சீட்டின்மேல் தனிப் பிரியம்.

ஆட்டத்தின் பெயரும் ஓவியங்களும் அதை உருவாக்கிய நிறுவனத்துக்கு உரியவை. நாங்கள் படங்களை நாங்களே வரைந்தோம், விற்பதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

துறவிச் சீட்டு மட்டும் இன்னும் சரியாகவில்லை. கணினியில் துறவி சற்று நேரம் ஓதினால் எதிரி வீரர் நம் பக்கம் வந்துவிடுவார்; அதற்குள் அவரைக் கொன்றால் தப்பலாம். துறவியை எதிரியின் ஒரு சீட்டுக்கு நேரே வைத்து, அடுத்த முறைவரை அவர் பிழைத்திருந்தால் அந்தச் சீட்டு நமக்கு என்று எழுதியிருக்கிறோம். கட்டு தீரும் கடைசி முறையில் வைத்தால் என்ன செய்வது என்பதில் எனக்கும் தம்பிக்கும் மூன்று வாரமாக ஒத்துப்போகவில்லை. திங்கட்கிழமை பெரியவர் ஏறியதும் அவரிடம் கேட்கப்போகிறோம்.