மாத்திரை கேட்கவில்லையா, இடைவெளி கூடிவிட்டதா?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 68 வயது. பார்க்கின்சன் (நடுக்குவாதம்) வந்து 9 வருடம் ஆகிறது. சின்டோபா மாத்திரை காலை 8, மதியம் 2, இரவு 8 என்று மூன்று வேளை போடுகிறார். முதல் நாலைந்து வருடம் நன்றாகத்தான் இருந்தார். இப்போது 12 மணிக்கெல்லாம் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டால் 4 மணி வரை கேட்பதே இல்லை. காலையில் நன்றாக நடமாடும் நேரத்தில் தலையும் தோளும் தானாக ஆடுகின்றன. டோஸைக் கூட்டிக் கொடு என்கிறார் அண்ணன். கொடுக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அண்ணனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மாத்திரையில் இருக்கும் லீவோடோபா மூளைக்குப் போய்த்தான் டோபமைனாக, அதாவது உடல் அசைவுக்கு வேண்டிய ரசாயனமாக, மாறுகிறது. ஆரம்ப வருடங்களில் மிச்சமிருக்கும் நரம்பு செல்கள் அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும், அதனால் மூன்று வேளை மருந்து நாள் முழுக்கத் தாங்கும். அந்தச் செல்கள் குறையக் குறைய, மருந்து ரத்தத்தில் இருக்கும் வரைக்கும்தான் பலன் என்றாகிவிடும். ரத்தத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. 8 மணிக்குப் போட்டது 12 மணிக்கு இறங்குகிறது, அடுத்தது 2 மணிக்கு. நடுவில் அப்பா என்ன செய்வார், பாவம்.

நன்றாக இருக்கும் நேரத்தில் வரும் அந்த ஆட்டம் நடுக்கமாக இருக்காது என்று நினைக்கிறேன். கையைச் சும்மா மடியில் வைத்திருக்கும்போது விரல்கள் நடுங்கினால் அது நோய். மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடம்பு நெளிந்து ஆடினால் அது பெரும்பாலும் மருந்தால் வருவது. வேளைக்கு ஒரு மாத்திரையை ஒன்றரையாக்கினால் அந்த ஆட்டம்தான் கூடும். அதனால் நாங்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது இடைவெளியில்தான்: ஒரு வேளை அளவைச் சற்றுக் குறைத்து, நாலைந்து வேளையாகப் பிரிப்போம். அதுவும் போதாவிட்டால் லீவோடோபா சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்ளும் என்டகபோன் சேர்ப்போம் (சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயந்துவிடாதீர்கள்), அல்லது மூளையில் டோபமைன் சிதைவதைக் குறைக்கும் ரசாஜிலின். ஆட்டம் ரொம்பத் தொந்தரவு செய்தால் அமான்டடின். இதில் எது என்பதை அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அவரிடம் போகும் முன் மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், எப்போது பிடிப்பு விட்டது, எப்போது மறுபடி இறுகியது, எப்போது ஆடினார். ஆடும்போது செல்போனில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். டாக்டர் அறையில் உட்காரும் பத்து நிமிடம் எல்லா அப்பாக்களும் ஜம்மென்றுதான் இருப்பார்கள்!

அப்புறம், அந்த மதிய மாத்திரை. பருப்பு, தயிர், மீன், முட்டை எல்லாவற்றிலும் உள்ள புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லீவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், அந்த நெரிசலில் மருந்து பின்தங்கிவிடும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே வெறும் தண்ணீரோடு கொடுத்துப் பாருங்கள். வயிற்றைப் புரட்டினால் இரண்டு பிஸ்கட் போதும். அதற்காகப் பருப்பையே நிறுத்திவிடாதீர்கள், ஏற்கெனவே இளைத்திருப்பார். இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள், வயிறு மந்தமானால் மருந்தும் தாமதமாகத்தான் ஏறும். வாந்தி, தலைசுற்றல் என்று கடையில் மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். அதற்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் இரண்டும் டோபமைனைத் தடுத்து நோயைக் கூட்டிவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, பார்க்கின்சன். போன மாதம் பிரமிபெக்ஸால் சேர்த்தார்கள். நடை தேவலை, ஆனால் ராத்திரியில் கூடத்தில் குழந்தைகள் விளையாடுவதாகச் சொல்கிறார். எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள். லீவோடோபாவைத் திடீரென்று விட்டால் கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். முதலில் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உடலில் நீர் வற்றுதல் இருக்கிறதா என்று பார்ப்பார். வயதானவர்களுக்கு அவை மட்டுமே கூட இப்படிக் காட்சிகளைக் கொண்டுவரும். பிறகு மருந்தைக் குறைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு: நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்சிஃபெனிடில் போட்டால் அது முதலில், அடுத்து அமான்டடின், பிறகு பிரமிபெக்ஸால் மாதிரி டோபமைன் போலவே வேலை செய்பவை. லீவோடோபாவில் கைவைப்பது கடைசியில்தான். தூக்கத்துக்கு, மனப்பிரமைக்கு என்று வேறு யாராவது ஹாலோபெரிடால் எழுதினால், பார்க்கின்சன் இருக்கிறது என்று உடனே சொல்லிவிடுங்கள், அதுவும் டோபமைனைத் தடுப்பதுதான்.

பிரமிபெக்ஸால் பற்றி இன்னொன்று, இது மற்ற வாசகர்களுக்கும். இதைப் போடுபவர்களில் சிலர் ஆன்லைன் ரம்மி, கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது என்று இறங்கிவிடுவார்கள். வீட்டில் அதை மருந்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, நாங்களாகக் கேட்டால்தான் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள்.

கேள்வி: பூனைக்காலிப் பொடி சாப்பிட்டால் பார்க்கின்சனுக்கு மாத்திரையே வேண்டாம் என்கிறார்களே?
- வாசகர், ஈரோடு

பதில்: பூனைக்காலி விதையில் லீவோடோபா இருப்பது உண்மை. ஒரு ஸ்பூனில் எவ்வளவு இருக்கிறது என்பது பொடிக்குப் பொடி மாறும், அதுதான் சிக்கல். மாத்திரையோடு இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் டோஸ் எங்கே போகிறது என்று கணக்கே இருக்காது. ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் மறைக்காதீர்கள், டப்பாவை எடுத்துப் போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.